உப்பு பொரியும் சத்தம்!

இருமலும் காய்ச்சலுமாக டாக்டரிடம் போனால், அவர் முதலில் என்ன செய்வார் குட்டீஸ்? ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்வார் இல்லையா? அதைக் கண்டுபிடித்தவர் ரெனே லென்னக்.

பிரான்ஸ் நாட்டின் கெம்பேர் நகரில், 1781ல் பிறந்தார் லென்னக். ஐந்து வயதிலேயே அம்மாவை காசநோய்க்குப் பறிகொடுத்தார். டாக்டராக இருந்த உறவினர் வீட்டில் வளர்ந்து, தானும் டாக்டரானார்.

அந்தக் காலத்தில், நோயாளியின் நெஞ்சில் நேரடியாகக் காதை வைத்துத்தான் கேட்பர். 1816ல், பாரிசில் ஓர் இளம்பெண் சிகிச்சைக்கு வந்தாள். காதை வைத்துக் கேட்க லென்னக்குக் கூச்சம். நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் தெளிவாகக் கேட்குமே! காகிதங்களை இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை நெஞ்சிலும், மறுமுனையைக் காதிலும் வைத்தார். இதயத்துடிப்பு, முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது!

பிறகு, தானே மரத்தைக் கடைந்து குழல் செய்தார். லென்னக் புல்லாங்குழல் வாசிப்பவர். சத்தங்களைப் பிரித்தறியும் காது அவருக்கு! நிமோனியா துவங்கும்போது, சூடான சட்டியில் உப்பு பொரிவது போன்ற சத்தம். நுரையீரலுக்கு வெளியே காற்று புகுந்துவிட்டால், மூச்சுச் சத்தமே இருக்காது. காசநோய் நுரையீரலில் குழி பறித்திருந்தால், நோயாளி பேசும் குரல் நெஞ்சிலிருந்தே குழலுக்குள் வருவதுபோல் இருக்கும்.

கேட்டது சரிதானா என்று எப்படித் தெரியும்? இறந்தவர்களின் உடலைத் திறந்து, நுரையீரலைப் பார்த்து ஒப்பிட்டார். வேறு வழியே இல்லை. சி.டி., ஸ்கேனில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது, 1971ல்தான். இன்று அந்த ஸ்கேன், நுரையீரலைத் துண்டு துண்டாக நறுக்கியதுபோல் படம் காட்டுகிறது. காற்று கறுப்பாகத் தெரியும். நிமோனியா வெள்ளைத் திட்டாகத் தெரியும். நுரையீரலுக்கு வெளியே புகுந்த காற்று, கறுப்புப் பட்டையாகத் தெரியும். லென்னக் காதால் பிரித்தவற்றை, இன்றைய டாக்டர்கள் கண்ணால் பிரிக்கின்றனர். அப்படியும் ஸ்டெதஸ்கோப்பை யாரும் தூக்கி எறியவில்லை!

1819ல், தான் கண்டறிந்ததை எல்லாம் புத்தகமாக வெளியிட்டார். ஆனால், அவர் உடம்பு நலிந்துகொண்டே வந்தது. தன் நெஞ்சில் குழலை வைத்து, கேட்பதைச் சொல்லும்படி உறவினரான டாக்டர் மெரியாதெக்கிடம் கேட்டார். மெரியாதெக் சொல்லச் சொல்ல, லென்னக்குப் புரிந்துவிட்டது. பலமுறை, பலர் நெஞ்சில் கேட்ட அதே காசநோய்ச் சத்தம்.

1826, ஆகஸ்ட் 13ல் லென்னக் இறந்தபோது, வயது 45. தன் ஸ்டெதஸ்கோப்பை, மெரியாதெக்குக்கே எழுதி வைத்திருந்தார்.