அமரர் கல்கியும் அவர் படைத்த பெண்களும்

கூடலூருக்கு மேலே, மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் விளங்குகிறது. சித்திரைப் பௌர்ணமியன்று மலையேறிச் சென்று வழிபடும் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு, ஒரு பெண்ணின் உறுதி அரசையும் கலங்கச் செய்யும் என்பது புதிய செய்தியன்று. அத்தகைய உறுதி வாய்ந்த பெண்களை வரலாற்றுப் புதினத்தில் உலவவிட்டுத் தமிழர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தவர் அமரர் கல்கி.

இரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இயற்பெயருடைய அவர், 1899 செப்டம்பர் 9ஆம் நாள், மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்று 1921இல் படிப்பைத் துறந்தார். மறு ஆண்டே சிறை புகுந்தார். திரு.வி.க.வின் 'நவசக்தி', இராஜாஜியின் 'விமோசனம்', பின்னர் 'ஆனந்த விகடன்' ஆகிய இதழ்களில் அவரது எழுத்து பண்பட்டது. 1941இல் டி. சதாசிவத்துடன் இணைந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். 'பார்த்திபன் கனவு' அவ்விதழில்தான் மலர்ந்தது.

அடுத்து வந்த 'சிவகாமியின் சபதம்', வாதாபியில் சிறைப்பட்ட ஆடலரசியின் கதை. காதலனாகிய மாமல்லன் மறைவாக வந்து அழைத்தபோதும், பகைநகர் எரிந்தாலன்றி வெளியேறேன் என மறுக்கிறாள் சிவகாமி. சபதம் நிறைவேறுகிறது; ஆனால் காதல் கைகூடவில்லை. மாமல்லன் மணமானவன் என்றறிந்த அவள், தன்னையும் தன் கலையையும் ஏகாம்பரநாதருக்கே அர்ப்பணிக்கிறாள். உறுதிக்கு ஒரு பெண் கொடுக்க நேரும் விலையைக் கல்கி மறைக்கவில்லை.

1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில் இப்பெண்மை பல முகங்கொண்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கொடையாளராக விளங்கும் குந்தவை, புதினத்தில் சோழ அரசியலையே இயக்கும் மதியூகி. பூங்குழலியும் நந்தினியும் கற்பனையில் பிறந்தவர்கள். கோடிக்கரையில் தனியே படகு செலுத்தும் பூங்குழலி, வந்தியத்தேவனை ஈழத்துக்குக் கொண்டு சேர்க்கிறாள். கடலில் தத்தளித்த அருள்மொழியையும் காக்கிறாள். பழிவாங்கப் புறப்பட்ட நந்தினியையும் வெறும் கொடியவளாகத் தீட்டாமல், அவள் உள்ளத்தின் புண்ணைக் காட்டினார் ஆசிரியர். பெண்களைத் தெய்வமாக்காது, சிந்திக்கவும் தவறவும் உரிமை பெற்ற மனிதராக்கியதே அவர் செய்த பெருஞ்செயல். கதை முடிந்த பின்னும் இவர்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டமையால், நூலுக்கு முடிவுரையும் எழுத வேண்டியதாயிற்று.

தொடர் நிறைவெய்திய அதே ஆண்டில், டிசம்பர் 5ஆம் நாள், 55ஆம் வயதில் கல்கி மறைந்தார். 'அலை ஓசை'க்குரிய சாகித்திய அகாதெமி விருது 1956இல், அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது. நூற்றாண்டு விழாவையொட்டி அவர் நூல்கள் நாட்டுடைமையாயின.

அவர் கதைகளில் திளைத்து, தம் பெண்மக்களுக்கு வானதி என்றும் பூங்குழலி என்றும் பெயர் சூட்டிய பெற்றோர் பலர். பெயர் சூட்டுதல் எளிது. பூங்குழலியின் துடுப்பையும் அம்மகளின் கையில் கொடுக்கும் இல்லத்திலேதான் கல்கி உண்மையாகப் படிக்கப்படுகிறார்.