ஆசிரியர் றகீம்

தொண்டைமானாற்று மணல்வெளியில் வெறுங்காலுடன் பந்துதைத்து வளர்ந்தோர் நம்முட் பலர். அவ்வாறே வெறுங்காலுடன் ஆடிப் பழகிய இளைஞரைப் பயிற்றி, ஆசியாவின் முதன்மையை எய்துவித்த ஒரு பள்ளியாசிரியரை இவ்விழாமலரில் நினைவுகூர்தல் பொருத்தமுடைத்தெனக் கருதுகின்றோம்.

சையத் அப்துல் றகீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்திற் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் கற்று ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். பின்னர் அவர் பயிற்றிய நகரப் பொலிஸ் அணி, 1950 தொடக்கம் 1954 வரை ஐந்தாண்டும் றோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. பழக்கங் குறைந்த காலால் மட்டுமே உதைக்கும் போட்டிகளையும், பந்தைத் தனியே கொண்டோடாது உடனுக்குடன் துணைவர்க்கு வழங்கும் போட்டிகளையும் அவர் நடத்தினார். குறையுள்ள இடத்திலேயே பயிற்சி வேண்டும் என்பது அவர் கண்ட முறை.

1951இல் புதுடில்லி ஆசிய விளையாட்டு விழாவில் அவரது இந்திய அணி ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டே கெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியாவிடம் 10–1 எனப் படுதோல்வியுற்றது. குளிர்நாட்டு மைதானத்தில் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்வியின் பின்னர் காலணி கட்டாயமாயிற்று. நான்காண்டு கழித்து, 1956இல், மெல்போர்ணில் அவரது அணி அவுஸ்திரேலியாவை 4–2 என வென்று, ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய அணியாயிற்று. முடிவில் நான்காமிடம் பெற்றது.

1962இல் ஜகார்த்தா சென்றபோது றகீம் நுரையீரற் புற்றுநோயால் நலிந்திருந்தார். இஸ்ரவேலும் தைவானும் விலக்கப்பட்டமை பற்றி எழுந்த பூசலால், அங்குக் கூடியோர் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். முதலாட்டத்தில் தென்கொரியா 2–0 என வென்றது. தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங் தலையிற் காயமுற்றார். றகீம் தளரவில்லை; அவரையே முன்வரிசையில் நிறுத்தினார். செப்டெம்பர் 4ஆம் நாள் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை இந்தியா 2–1 என வென்றது. ஜர்னைல் சிங்கும் ஒரு கோல் போட்டார். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமும் அவ்வணியில் ஆடினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

1963 ஜூன் 11ஆம் நாள் றகீம் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் இன்றுவரை ஆசிய உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டியதில்லை. தோல்வியைப் பாடமாக்கித் தரும் ஆசிரியரின் இடம் எளிதில் நிரம்புவதன்று. நம் கல்லூரியில் நம்மைத் திருத்தியோரை எண்ணுங்கால், இவ்வுண்மை நமக்கும் நன்கு விளங்கும்.