அழகரையே நாயகனாக வரித்த நாயகி சுவாமிகள்

சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் கள்ளழகர், அன்றிரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குவார். மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம் அருள்வார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த அழகர் மதுரைக்கு வரும் சாலையில், காதக்கிணறு என்ற ஊரில் ஒரு மகானின் பிருந்தாவனம் இருக்கிறது. அவர்தான் ஸ்ரீமந் நடனகோபால நாயகி சுவாமிகள்.

மதுரையில் நெசவுத் தொழில் செய்து வந்த சௌராஷ்டிரக் குடும்பத்தில், 1843-ல், மார்கழி மிருகசீரிஷ நட்சத்திரத்தில் அவதரித்தார் சுவாமிகள். தந்தை ரங்கய்யர், தாயார் லட்சுமிபாய். பிள்ளைக்கு இட்ட பெயர் ராமபத்ரன். மகன் தறியில் உட்கார்ந்து குடும்பத்துக்குக் கை கொடுப்பான் என்று பெற்றோர் எதிர்பார்த்தனர். அவர் மனமோ இறைவனையே நாடியது. வீட்டைத் துறந்தார். பரமக்குடியில் நாகலிங்க அடிகளிடம் யோகம் பயின்று, 'சதானந்த சித்தர்' என்று பெயர் பெற்றார்.

சித்திகள் கைகூடியும் அவர் தேடல் ஓயவில்லை. நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரிக்குச் சென்றார். அங்கே வடபத்ர அரையர் அவருக்கு வைணவ நெறி காட்டி, 'நடனகோபாலன்' என்று திருநாமம் சூட்டினார். ஊரே வியக்கும் சித்தர் என்ற பெருமையை உதறிவிட்டு, பெருமாளின் அடியாராக மாறினார் சுவாமிகள்.

நம்மாழ்வார் பராங்குச நாயகியாக உருகினார் அல்லவா? அதே வழியில் பெருமாளை நாயகனாகவும் தன்னை நாயகியாகவும் பாவித்தார் இவர். பெண் வேடம் பூண்டு, வீதிகளில் ஆடிப் பாடி, உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் அவருக்கு இல்லை.

தமிழிலும் பாடினார்; தாய்மொழியான சௌராஷ்டிரத்திலும் பாடினார். சாஸ்திரம் படிக்காத நெசவாளிக்கும், அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கும் புரியும்படி, அவர்கள் வீட்டில் பேசுகிற மொழியிலேயே பக்தியைக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் கீர்த்தனைகள் இன்றும் மதுரை பஜனைகளில் ஒலிக்கின்றன.

1914 ஜனவரி 8, வைகுண்ட ஏகாதசி. அந்தப் புண்ணிய நாளில் சுவாமிகள் பரமபதம் அடைந்தார்.

அடுத்த முறை அழகர்கோவிலுக்குப் போகும்போது, வழியில் காதக்கிணற்றில் சற்று இறங்கி வணங்கிவிட்டுச் செல்லுங்கள். பெருமாளிடம் பேசப் பெரிய மந்திரங்கள் தெரியவில்லையே என்று இனி ஏங்க வேண்டாம். நம் வீட்டு மொழியில் உருகி அழைத்தாலே அவன் செவி சாய்ப்பான். சுவாமிகளின் வாழ்வே அதற்குச் சாட்சி!