146 உயிர்கள், ஒரு பூட்டிய கதவு: யார் இந்த ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ்?

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தில், தோழி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார் 30 வயது ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். வெளியே தீயணைப்பு வண்டிகளின் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பக்கத்திலிருந்த 10 மாடிக் கட்டடத்தின் மேல்தளங்கள் எரிந்துகொண்டிருந்தன. ஜன்னல்களில் நின்ற இளம்பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கீழே குதித்தார்கள். தீயணைப்பு ஏணிகள் 6-வது மாடி வரைதான் எட்டின.

அன்று இறந்தவர்கள் 146 பேர். பெர்கின்ஸ் அந்தக் காட்சியைக் கடைசி வரை மறக்கவில்லை.

கதவு ஏன் பூட்டியிருந்தது?

அது டிரையாங்கிள் என்ற ஆயத்த ஆடை நிறுவனம். 8, 9, 10-வது தளங்களில் பெண்களுக்கான பிளவுஸ்கள் தைத்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்த யூத, இத்தாலியக் குடும்பங்களின் பெண்கள். பலர் 20 வயதைக்கூடத் தாண்டாதவர்கள்.

8-வது தளத்தில் துணிக்கழிவில் பற்றிய தீ மளமளவென மேலே ஏறியது. 10-வது தளத்தில் இருந்த முதலாளிகளுக்கு போனில் தகவல் போனது. அவர்கள் மொட்டை மாடி வழியாகத் தப்பித்தார்கள். 9-வது தளத்துக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. தொழிலாளர்கள் துணி திருடிவிடுவார்கள் என்ற சந்தேகத்தில், வேலை முடிந்ததும் எல்லோரையும் ஒரே வழியில் விட்டுப் பைகளைச் சோதிப்பது வழக்கம். வெளிப்புற இரும்புப் படிக்கட்டும் பாரம் தாங்காமல் சரிந்தது.

வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பது நிரூபிக்கப்படவில்லை எனச் சொல்லி, அதே ஆண்டு டிசம்பரில் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

பெர்கின்ஸ் என்ன செய்தார்?

1880-ல் பாஸ்டனில் பிறந்தவர். சிகாகோவில் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் சேவை செய்தவர். தீ விபத்துக்கு முன்பே நியூயார்க்கில் தொழிலாளர்களின் நிலைமையை ஆய்வு செய்துவந்தார். விபத்துக்குப் பின் அமைக்கப்பட்ட மாநில விசாரணைக் குழுவுக்காகக் களத்தில் இறங்கினார்.

அவருடைய வழி சிம்பிள்: அறிக்கை கொடுப்பதோடு நிற்காமல், அரசியல்வாதிகளை நேரில் கூட்டிப்போய்க் காட்டுவது. இரவு ஷிஃப்ட் முடித்துத் தளர்ந்து வெளியே வரும் பெண்களைப் பார்க்க வைத்தார். தீ பிடித்தால் தப்பிக்கும் வழி என ஆலைக்காரர்கள் காட்டிய, பனி உறைந்த ஏணியில் ஒரு செனட்டரையே ஏற வைத்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க்கில் 30-க்கும் மேற்பட்ட தொழிலாளர் சட்டங்கள் வந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது, தீத்தடுப்புப் பயிற்சி கட்டாயம் என்பவையும் அவற்றில் அடக்கம்.

அமைச்சரானபோது

1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறைக்கு அழைத்தார். குறைந்தபட்சக் கூலி, முதியோர் ஓய்வூதியம், குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு என ஒரு பட்டியலை முன்வைத்து, அதற்கு அதிபர் ஒத்துக்கொண்ட பிறகே பெர்கின்ஸ் சம்மதித்தார். அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் அவர்தான். 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1938-ல் குறைந்தபட்சக் கூலிக்கும் வேலை நேரத்துக்குமான சட்டம் இரண்டும் வந்தன.

அப்போது குடியேற்றத் துறையும் அவரிடம்தான் இருந்தது. வெளிநாட்டவரைச் சோதனை என்ற பெயரில் மிரட்டிவந்த ஒரு பிரிவைக் கலைத்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்த துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடுகடத்தச் சொல்லி அழுத்தம் வந்தபோது, தகுந்த ஆதாரம் இல்லாமல் முடியாது என நின்றார். விளைவு, 1939-ல் அவர் மீதே பதவிநீக்கத் தீர்மானம். அது தோற்றது. ஆனால் அடுத்த ஆண்டே குடியேற்றத் துறை அவரிடமிருந்து நீதித் துறைக்குப் போய்விட்டது.

யார் விடுபட்டார்கள்?

1938 சட்டம் வயலில் கூலி வேலை செய்தவர்களைச் சேர்க்கவில்லை. வீட்டு வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கும் அது பயன்படவில்லை. கறுப்பினத்தவரும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களும் அதிகம் இருந்த வேலைகள் இவை. ஓட்டு பலம் இல்லாதவர்களைச் சட்டம் கடைசியாகத்தான் எட்டும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

பெர்கின்ஸ் 1965-ல் இறந்தார். பூட்டிய கதவு இன்னும் இருக்கிறது. 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். தப்பிக்க மேலே ஓடியவர்களால் மொட்டை மாடிக்குப் போக முடியவில்லை. அந்தக் கதவு பூட்டியிருந்ததாகச் செய்திகள் சொல்லின.

ஆபீஸில் ஃபயர் டிரில் என்றால் பலருக்கும் அலுப்பாக இருக்கும். அடுத்த முறை கீழே இறங்கும்போது அந்தக் கதவு திறக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.