வைத்தியராகிய லூக்கா

புதிய ஏற்பாட்டு ஆசிரியருள் தம்மை மறைத்துத் தம் பணியை மட்டும் நமக்கு வைத்துச் சென்றவர் சிலர். அவருள் லூக்கா என்னும் பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இவர் பெயர் வேதாகமத்தில் மூன்றிடங்களிலேயே காணப்படுகின்றது. கொலோசெயர் நிருபத்தால் இவர் வைத்தியர் என்பதும், பவுலின் அன்பிற்குரியவர் என்பதும் விளங்கும். அந்நிருபம் விருத்தசேதனமுள்ள தோழரை முன்னர்க் கூறி, இவரை வேறாகப் பின்னர்க் கூறுதலின், இவர் புறஜாதியிற் பிறந்தவரென அறிஞர் பலர் கொள்வர். அந்தியோகியாவே இவரது ஊர் என்பது பழைய மரபு.

மூன்றாம் சுவிசேஷத்தையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் இவரே இயற்றினார் என்று இரண்டாம் நூற்றாண்டு முதல் திருச்சபையார் வழங்கி வருகின்றனர். இக்கால ஆராய்ச்சியாளருட் சிலர் அதனை ஐயுறினும், இரண்டு நூலையும் எழுதியவர் ஒருவரே என்பதிற் பெரும்பாலோர் ஒருப்படுவர். நடபடிகளில், அதுகாறும் படர்க்கையிற் சென்ற வரலாறு, பவுல் துரோவா பட்டினத்தை அடைந்த பின்னர்த் தன்மைப் பன்மையாக மாறுகின்றது. மரபின்படி கொள்ளின், மக்கெதோனியா யாத்திரையிலும், மெலித்தா தீவருகே கப்பல் உடைந்த இடுக்கணிலும் லூக்கா உடனிருந்தவராவர்.

இத்தகையார் சுவிசேஷம் எழுதப் புகுந்தது எற்றுக்கு? கி.பி. 70-இல் எருசலேம் தேவாலயம் அழிந்தது. கண்ணாரக் கண்ட சாட்சிகளும் ஒருவர்பின் ஒருவராய் மறைந்தனர். கி.பி. 80-க்கும் 90-க்கும் இடையே இந்நூல் எழுந்தது என்பர் பலர். தெயோப்பிலு என்பவர் தாம் கேட்ட உபதேசத்தின் உறுதியை அறிதலே இதன் பயன் என்றும், அதன்பொருட்டு யாவற்றையும் ஆதிமுதல் ஆராய்ந்து ஒழுங்காக எழுதியதாகவும் ஆசிரியர் தம் பாயிரத்திற் குறிக்கின்றார். மாற்கு எழுதிய சுவிசேஷத்தை அவர் ஆதாரமாகக் கொண்டார் என்பது பெரும்பாலோர் துணிபு.

மத்தேயு ஆபிரகாமிலிருந்து தொடங்கும் வமிச வரலாற்றை இவர் ஆதாம் வரை கொண்டு சென்றார். இரட்சிப்பு ஓர் இனத்தார்க்கே உரியதன்று, மாந்தர் யாவர்க்கும் உரியது என்பது அவர் உள்ளம் போலும். நல்ல சமாரியன், கெட்ட குமாரன், ஆயக்காரனாகிய சகேயு, நாயீனூர் விதவை ஆகியோர் கதைகள் இவர் நூலில் மட்டுமே உள்ளன. இவர் எழுதாதிருந்தால் இவையெல்லாம் நமக்கு எங்ஙனம் கிடைத்திருக்கும்?

சிறையிலிருந்த பவுலைத் தேமா கைவிட்டுச் சென்றான் என்றும், லூக்கா ஒருவரே உடனிருந்தார் என்றும் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் தெரிவிக்கின்றது. ஆராய்ச்சி விசுவாசத்தைக் குலைக்கும் என்று அஞ்சுவார் நம்முள்ளும் உளர். ஆராய்ந்தே எழுதிய இவர், பிறர் அகன்ற காலத்தும் அகலாது நின்றார். கல்வி கற்கும் நமக்கு இதனினும் சிறந்த சான்று வேறு யாது வேண்டும்?