படமும் கல்லும்

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் பழமையான பலாமரம் ஒன்றின் அடிப்பகுதி இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 'அம்மச்சிப் பிலாவு' என்பது அதன் பெயர். பகைவர் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்டவர்மர் அம்மரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்று ஊரார் வழிவழியாகக் கூறுவர். அவ்விளவரசரே 1729-ஆம் ஆண்டு அரியணை ஏறித் திருவிதாங்கூர் அரசை வலுப்பெறச் செய்தவர்.

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை, களியக்காவிளை வழியாகத் தெற்கே சென்றால், தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை உள்ளது. அங்குள்ள ஓர் ஓவியத்தில் மார்த்தாண்டவர்மர் நிமிர்ந்து நிற்கிறார். அவர்முன் ஐரோப்பிய வீரர் ஒருவர் சரணடைகிறார். அந்த வீரரே யூஸ்டாகியுஸ் டிலனாய்.

டிலனாய் 1715-ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் பிறந்தார். அக்காலத்து ஐரோப்பியப் பெருமக்கள், இரும்புக் கவசம் அணிந்த கோலத்தில் தம் உருவத்தை வரைவித்துக்கொள்வதைப் பெருமையாகக் கருதினர். பிரான்சு நாட்டு ஓவியர் ரிகோ, மன்னர் பதினான்காம் லூயியைக் கவசத்துடன் தீட்டியுள்ளார். துப்பாக்கிக் குண்டுகளின் முன் கவசம் தன் பயனை இழந்துவந்த காலம் அது. போர்க்களத்தில் அருகிப்போன கவசம், ஓவியத்தில் வீரத்தின் அடையாளமாக நிலைத்து நின்றது. ஆனால், டிலனாயை இன்று பலருக்கும் அறிமுகப்படுத்தும் ஓவியம் அவருடைய தோல்வியையே காட்டுகிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் டிலனாய் பணியாற்றினார். மிளகு வாணிகத்தைத் தன்வசப்படுத்த விரும்பிய அக்கம்பெனி, திருவிதாங்கூருடன் போரிட்டது. 1741-ஆம் ஆண்டு குளச்சலில் நடந்த போரில் மார்த்தாண்டவர்மர் வென்றார். டிலனாய் சிறைப்பட்டார்.

மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. அவரிடமிருந்த திறமையைக் கண்டார். அரண்மனைக் காவல் வீரர் சிலருக்குப் பயிற்சி அளிக்கும் பணியை முதலில் ஒப்படைத்தார். டிலனாய் அதனைச் செம்மையாகச் செய்தார். ஐரோப்பிய முறைப்படி அணிவகுக்கவும் துப்பாக்கியைக் கையாளவும் வீரர்களைப் பழக்கினார். நாளடைவில் படையின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 'வலிய கப்பித்தான்' எனப் போற்றப்பட்டார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தி, அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறையையும் நிறுவினார். வடவெல்லையில் நெடுங்கோட்டை என்னும் நீண்ட அரண் எழுவதற்கும் துணைநின்றார்.

மார்த்தாண்டவர்மர் 1758-இல் மறைந்தார். அவருக்குப்பின் ஆண்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மருக்கும் டிலனாய் அதே உண்மையுடன் உழைத்தார். 1765-இல் களக்காட்டுப் போரில் தம் மகனை இழந்தார். அத்துயரத்திற்குப் பின்னரும் பணியைக் கைவிடவில்லை. சிறைப்பட்ட நாள் முதல் ஏறத்தாழ 36 ஆண்டுகள் இம்மண்ணிலேயே வாழ்ந்து, 1777-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் மறைந்தார்.

உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள சிற்றாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக் கல்லில் இரண்டு மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ். இலத்தீன் அவர் பிறந்த ஐரோப்பாவின் பழம்பெரும் மொழி. தமிழோ, அவர் வந்து வாழ்ந்த மண்ணின் மக்கள் பேசிய மொழி.

ஓவியம் டிலனாயின் வாழ்வில் ஒருநாளை மட்டும் காட்டுகிறது. கல்லோ அவர் உழைத்த ஆண்டுகளை நினைவூட்டுகிறது. அயல்மண்ணில் தோற்றவராய் வாழ்வைத் தொடங்கியவர், தம் உழைப்பால் அம்மண்ணுக்கு உரியவரானார். அரண்மனையில் ஓவியத்தைக் காண்போர், அண்மையிலுள்ள கோட்டைக்கும் சென்று அக்கல்லைக் காணுதல் வேண்டும். அப்போதுதான் அம்மனிதரை முழுமையாக அறிய இயலும்.

சிந்தித்து எழுதுக:
1. சிறைப்பட்ட டிலனாயை மார்த்தாண்டவர்மர் எவ்வாறு நடத்தினார்?
2. ஓவியம் கூறாத எச்செய்திகளைக் கல்லறை நினைவூட்டுகிறது?