இராணி மங்கம்மாள்: கப்பமும் தற்காப்பும்

கி.பி. 1689இல் அரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர் அம்மை நோயால் மறைந்தார். மதுரை நாயக்க அரசின் தலைநகரான திருச்சிராப்பள்ளியில், கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதரின் சார்பில் மங்கம்மாள் ஆட்சிப் பொறுப்பேற்றார். பீஜப்பூரையும் கோல்கொண்டாவையும் வென்றிருந்த ஔரங்கசீப்பின் படை, 1690இல் சுல்பிகர் கான் தலைமையில் செஞ்சியை முற்றுகையிட்டது.

முகலாயர் அனுப்பிய பாதுகைக்கு வணக்கம் செலுத்த மகன் மறுத்தார் என்பது வழிவழிச் செய்தி. தாயோ கப்பம் செலுத்தினார். இதனைப் பணிவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. பேரரசோடு பொருதாமல் காத்த படைவலியை அவர் திருவிதாங்கூர், தஞ்சை ஆகிய அண்டை அரசுகளின்மீது செலுத்தினார். மைசூர் அரசு காவிரியைத் தடுத்தபோது, பகைமை பாராட்டிய தஞ்சையோடே கைகோத்தார். எனினும் 1702இல் கிழவன் சேதுபதியிடம் அவர் படை தோற்றது. அண்டை அரசை அளவிட்டதில் நேர்ந்த பிழை அது.

1706இல் ஆட்சி பேரனிடம் சென்றது. திருவரங்கத்திற்குப் பெருங்கொடை அளித்த அவரது தந்தச் சிற்பம் இன்றும் அக்கோயிலில் உள்ளது, அரசு நிலைக்கவில்லை. 1732இல் அவர் மகப்பேறின்றி மறைய, அரசி மீனாட்சிக்கும் பங்காரு திருமலைக்கும் எழுந்த உரிமைப் பூசல் சந்தா சாகிபுக்கு வழிதிறந்தது; 1736இல் திருச்சிராப்பள்ளி அவர் வசமாயிற்று. கப்பம் மங்கம்மாளுக்குக் காலத்தைப் பெற்றுத் தந்தது. உள்நாட்டு ஒற்றுமையை அதனால் பெற்றுத்தர இயலவில்லை.